ஹாரிஸ் கவுண்டி ஜெயிலில் இருப்பவரை வெளியே எடுப்பது: எந்தப் பணம் திரும்பி வரும், எது வராது?

பாலாற்றுக்காரன்

வணக்கம். ஹூஸ்டனில் தெரிந்தவர் ஒருவர் நேற்று இரவு கைதாகி ஹாரிஸ் கவுண்டி ஜெயிலில் இருக்கிறார். எச்-1பி விசா, இதுவரை எந்த வழக்கும் இல்லை. குற்றச்சாட்டு இரண்டு: குடித்துவிட்டு வண்டி ஓட்டியது, கைது செய்யும்போது திமிறியது. மனைவி ஊரில் இருக்கிறார். இங்கே ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். "பத்து பெர்சன்ட் கட்டினால் போதும்" என்கிறார் ஒருவர், "முழுசா கட்டணும், கேஸ் முடிஞ்சதும் திரும்ப வரும்" என்கிறார் இன்னொருவர், "ஒண்ணுமே கட்ட வேண்டாம், தானா விட்டுடுவாங்க" என்கிறார் மூன்றாமவர். விவரம் தெரிந்தவர்கள் வரிசையாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

செவ்வேள்

மூன்று பேர் சொன்னதும் சரிதான். எந்த வகை பாண்டு, அதாவது ஜாமீன், என்பதைப் பொறுத்து மாறும். அதற்கு முன்னால், உள்ளே இப்போது என்ன நடந்துகொண்டிருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன்.

ஹூஸ்டன் நகரப் போலீஸ் பிடித்தாலும் ஷெரிஃப் ஆட்கள் பிடித்தாலும் கொண்டுபோவது டவுன்டவுனில் சான் ஜசின்டோ தெருவிலுள்ள ஜாயின்ட் ப்ராசசிங் சென்டருக்கு. கைரேகை, போட்டோ, உடல்நலக் கேள்விகள், கையிலிருக்கும் பொருட்களுக்குப் பட்டியல், வேறு எங்காவது வாரண்ட் இருக்கிறதா என்ற தேடல் எல்லாம் அங்கேதான். இதற்கே பல மணி நேரம் பிடிக்கும். அதுவரை வெளியிலிருந்து கம்ப்யூட்டரில் தேடினால் பெயர் வராமல் போகலாம். ஆள் காணாமல் போய்விட்டார் என்று பயப்பட வேண்டாம்.

பிறகு மேஜிஸ்ட்ரேட் முன்னால் நிறுத்துவார்கள், பெரும்பாலும் வீடியோவில். டெக்சாஸ் குற்றவியல் நடைமுறைச் சட்டம் பிரிவு 15.17-ன்படி கைதான 48 மணி நேரத்துக்குள் இது நடந்தாக வேண்டும். வாரண்ட் இல்லாமல் பிடித்திருந்தால் இன்னொரு பாதுகாப்பும் உண்டு, பிரிவு 17.033. சிறு குற்றம், அதாவது மிஸ்டிமீனர் என்றால் 24 மணி நேரத்துக்குள், பெருங்குற்றம், அதாவது ஃபெலனி என்றால் 48 மணி நேரத்துக்குள், கைதுக்குப் போதுமான முகாந்திரம் இருக்கிறது என்று மேஜிஸ்ட்ரேட் முடிவு செய்திருக்க வேண்டும். செய்யவில்லை என்றால் மிஸ்டிமீனரில் 5,000 டாலரைத் தாண்டாத பாண்டிலும், ஃபெலனியில் 10,000 டாலரைத் தாண்டாத பாண்டிலும் விட வேண்டும்.

அந்த விசாரணையில் ஹாரிஸ் கவுண்டியில் பப்ளிக் டிஃபெண்டர், அதாவது அரசு தரும் வக்கீல், உடன் இருப்பார். வீட்டு முகவரி, வேலை, இங்கே யார் இருக்கிறார்கள் என்பதைத் தெளிவாகச் சொல்லலாம். நடந்த சம்பவத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசக் கூடாது. "நான் ரெண்டே பீர்தான் சார் குடிச்சேன்" என்று நியாயம் சொல்லப் போனால் அதுவே வாக்குமூலம். நம் ஆட்கள் மரியாதைக்காகப் பதில் சொல்லிச் சொல்லியே மாட்டிக்கொள்கிறார்கள்.

மீனாட்சி_டாலஸ்

தேடும்போது பெயரில் கவனம் வேண்டும். நம் பாஸ்போர்ட்டில் பெயர் இருக்கிற விதம் ஜெயில் கம்ப்யூட்டருக்குச் சரிப்படாது. அப்பா பெயர் கடைசிப் பெயராக ஏறியிருக்கும். பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் இருந்து விசாவில் முதல் பெயர் இடத்தில் "எஃப்.என்.யூ." என்று அடித்திருந்தால், ஜெயில் பதிவிலும் சில நேரம் அப்படியே ஏறும். அதனால் முருகேசன் மகன் செந்தில் என்றால் "செந்தில்" கடைசிப் பெயராக ஒரு தரம், "முருகேசன்" கடைசிப் பெயராக ஒரு தரம், எஃப்.என்.யூ. முதல் பெயராக ஒரு தரம் தேடுங்கள். எழுத்தும் டிரைவிங் லைசென்ஸில் இருக்கிற மாதிரியே இருக்க வேண்டும். பிறந்த தேதியைக் கையில் வைத்துக்கொண்டு போன் பண்ணினால் இன்னும் சுலபம்.

ஆள் கிடைத்ததும் எஸ்.பி.என். எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஹாரிஸ் கவுண்டியில் ஒவ்வொருவருக்கும் கொடுக்கிற அடையாள எண் அது. ஒரு முறை வந்தால் அடுத்த முறையும் அதே எண்தான். கூடவே ஒவ்வொரு குற்றச்சாட்டுக்கும் தனி வழக்கு எண் இருக்கும். பாண்டு தொகையும் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி. ஒன்றுக்கு மட்டும் கட்டிவிட்டு "ஏன் இன்னும் விடலை" என்று ராத்திரி முழுக்க வாசலில் நிற்பவர்கள் உண்டு.

மட்டுறுத்துநர்

உள்ளே இருப்பவரின் பெயர், எஸ்.பி.என்., வழக்கு எண் எதையும் இழையில் போட வேண்டாம். பார்த்தால் நீக்கப்படும்.

செவ்வேள்

இப்போது பாண்டு வகைகள். டெக்சாஸில் நடைமுறையில் மூன்று.

பர்சனல் பாண்டு: கையெழுத்து மட்டும். ஆள் கோர்ட்டுக்கு வராவிட்டால் இவ்வளவு தொகை தருகிறேன் என்று கைதானவரே எழுதிக் கொடுப்பது. முன்பணம் இல்லை. பர்சனல் பாண்டு அலுவலகம் வழியாக விட்டால் 20 டாலர் அல்லது பாண்டு தொகையில் 3 சதவீதம், எது அதிகமோ அது கட்டணம். தக்க காரணம் இருந்தால் கோர்ட் அதைத் தள்ளுபடி செய்யலாம்.

கேஷ் பாண்டு: முழுத்தொகையையும் கட்டுவது. வழக்கு முடிந்ததும் திரும்ப வரும்.

சூரிட்டி பாண்டு: பெயில் பாண்ட்ஸ்மேன் என்ற லைசென்ஸ் வாங்கிய ஆள் ஜாமீன் நிற்பது. அவருக்கு நீங்கள் கொடுப்பது கட்டணம். அது ஒரு காசும் திரும்ப வராது, வழக்கு மறுநாளே தள்ளுபடியானாலும் வராது. பத்து சதவீதம் என்பது பழக்கத்தில் வந்த கணக்கு. டெக்சாஸ் மாநிலச் சட்டத்தில் எல்லாருக்கும் பொதுவான நிலையான விகிதம் கிடையாது, பேசிக் குறைக்கலாம்.

கணக்காகப் பாருங்கள். இரண்டு வழக்குக்கு 2,500, 5,000 என்று வைத்திருந்தால் கேஷ் பாண்டு 7,500 டாலர், திரும்ப வரும். சூரிட்டி என்றால் சுமார் 750 டாலர், போனது போனதுதான்.

ஊரில் ஜாமீன் என்றால் சொந்தக்காரர் இரண்டு பேர் ரேஷன் கார்டும் சொத்துப் பத்திரமும் எடுத்துக்கொண்டு கோர்ட்டுக்குப் போவார்கள். அதை நினைத்துக்கொண்டு இங்கே வந்தால் குழப்பம்தான். இங்கே ஜாமீன் நிற்பதே ஒரு தொழில்.

பாலாற்றுக்காரன்

இவர் விஷயத்தில் எது கிடைக்கும்?

செவ்வேள்

ஹாரிஸ் கவுண்டியின் மிஸ்டிமீனர் பாண்டு முறைக்கு எதிராக 2016-ல் ஓடானெல் வழக்கு போடப்பட்டது. பணம் இல்லாத ஒரே காரணத்துக்காக ஏழைகளை உள்ளே வைத்திருப்பது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று 2017-ல் கூட்டாட்சி நீதிபதி லீ ரோசன்தால் தடை போட்டார். 2019-ல் ஒப்பந்தத் தீர்ப்பு வந்தது. அதன்படி பெரும்பாலான மிஸ்டிமீனர்களுக்கு முன்பணம் வாங்காமல் விடுவிப்பதுதான் வழி. விதிவிலக்குகள் உண்டு: குடும்ப வன்முறை, பாதுகாப்பு ஆணையை மீறியது, ஐந்து ஆண்டுக்குள் இரண்டாவது குடிபோதை வழக்கு, ஏற்கெனவே பாண்டில் இருக்கும்போது புது வழக்கு, இப்படிச் சில. அவற்றில் மேஜிஸ்ட்ரேட் தனியாக விசாரித்து முடிவு செய்வார்.

முதல் தடவை குடிபோதை வழக்கு கிளாஸ் பி மிஸ்டிமீனர். ரத்தத்தில் ஆல்கஹால் 0.15 அல்லது அதற்கு மேல் என்றால் அதைவிடக் கடுமையான கிளாஸ் ஏ. கைதின்போது திமிறியது சாதாரணமாகக் கிளாஸ் ஏ. நீங்கள் சொன்ன இரண்டும் விதிவிலக்கில் வராது. ஆகவே பாண்ட்ஸ்மேனுக்குப் பணம் அனுப்புவதற்கு முன்னால் பர்சனல் பாண்டு கிடைத்திருக்கிறதா என்று பாருங்கள். தானாக வெளியே வரப்போகிற ஆளுக்கு அவசரப்பட்டு 750 டாலர் அழுவது அடிக்கடி நடக்கிறது. இந்தப் பகுதியில் சட்டம் மாறிக்கொண்டே வருகிறது என்பதால் இன்றைய நடைமுறையை வக்கீலிடமோ ப்ரீட்ரையல் சர்வீசஸ் அலுவலகத்திலோ உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஃபெலனி வேறு கதை. 2021-ல் வந்த மாநிலச் சட்டத்துக்குப் பிறகு வன்முறைக் குற்றங்களுக்குப் பர்சனல் பாண்டு கிடையாது. 2025 நவம்பரில் வாக்காளர்கள் ஏற்ற அரசியல் சட்டத் திருத்தத்தால் கொலை போன்ற சில கடும் குற்றங்களில் பெயிலையே மறுக்க இடமிருக்கிறது.

கேட்டி_கதிர்

பர்சனல் பாண்டு கிடைக்காவிட்டால், கையில் பணம் இருக்கிறவர்கள் கேஷ் பாண்டுதான் கட்ட வேண்டும். இதில் யோசிக்கவே ஒன்றுமில்லை. திரும்ப வருகிற பணத்தை விட்டுவிட்டுத் திரும்ப வராத பணத்தை ஏன் கொடுக்க வேண்டும்?

ஆனால் ஒரு விஷயம். ரசீது யார் பெயரில் என்பதைப் பணம் கட்டும் ஜன்னலிலேயே சரிபாருங்கள். பிரிவு 17.02-ன்படி பணம் திரும்பப் போவது ரசீதில் பெயர் இருப்பவருக்கு. நாலு நண்பர்கள் சேர்ந்து போட்ட பணத்துக்கு ரசீது கைதானவர் பெயரில் இருந்தால் பணம் அவருக்குத்தான் போகும். அபராதம், கோர்ட் செலவு என்று எழுதிக் கொடுத்தாலும் அதிலிருந்தே போகும். ரசீதைத் தொலைக்காதீர்கள். போட்டோ எடுத்து இரண்டு பேரிடம் வைத்திருங்கள்.

கொண்டுபோகிறது கேஷியர்ஸ் செக்கா, மணி ஆர்டரா, யார் பெயருக்கு எழுதணும் என்று முதலிலேயே போன் பண்ணிக் கேளுங்கள். பர்சனல் செக் வாங்க மாட்டார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கைதானால், கேஷியர்ஸ் செக் வாங்க பேங்க் எப்போது திறந்திருக்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

மீனாட்சி_டாலஸ்

கதிர், யோசிக்க நிறைய இருக்கிறது. கேஷ் பாண்டு வழக்கு முடியும்வரை முடங்கிக் கிடக்கும். மிஸ்டிமீனரே ஒரு வருஷம் இழுக்கும், ஃபெலனி அதற்கு மேலும் இழுக்கும். 7,500 டாலர்தான் மொத்தச் சேமிப்பு என்றால் அதை பாண்டில் போட்டுவிட்டு வக்கீலுக்கு என்ன கொடுப்பது? விசாவில் இருப்பவருக்கு வழக்கின் முடிவுதான் எல்லாம். 750 கொடுத்து வெளியே வந்து மிச்சத்தை நல்ல கிரிமினல் வக்கீலுக்குக் கொடுப்பது பல நேரம் புத்திசாலித்தனம்.

இன்னொரு வழியும் இருக்கிறது. டெக்சாஸில் வக்கீல் தன் கட்சிக்காரருக்குத் தானே பாண்டு போடலாம்; அட்டர்னி பாண்டு என்பார்கள். வக்கீல் ஃபீஸோடு சேர்த்துப் பேசினால் பாண்ட்ஸ்மேனுக்குத் தனியாகத் தண்டம் கட்ட வேண்டாம். எல்லா வக்கீலும் செய்ய மாட்டார்கள், கேட்டுப் பார்க்க வேண்டும்.

கேட்டி_கதிர்

சேமிப்பு முழுதும் அதுதான் என்றால் நீங்கள் சொல்வது நியாயம். 1,000, 1,500 டாலர் பாண்டுக்கு நான் சொன்னதுதான்.

எல்லைக்கல்

பாண்டு கட்டுவதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வியை இன்னும் யாரும் எழுதவில்லை. "இவர் மேல் ஹோல்ட் ஏதாவது இருக்கிறதா?"

ஹோல்ட் என்றால் இந்த வழக்கில் பாண்டு கட்டினாலும் வேறொரு காரணத்துக்காக ஆளை விட மாட்டார்கள். வேறு கவுண்டி வாரண்ட், ப்ரொபேஷன் மீறல், பரோல் மீறலுக்கான ப்ளூ வாரண்ட் (இதற்குச் சாதாரணமாகப் பாண்டே கிடையாது), அப்புறம் ஐஸ் (குடிவரவு அமலாக்கத் துறை) போடும் டிடெய்னர். ஹோல்ட் இருப்பது தெரியாமல் பாண்ட்ஸ்மேனுக்குக் கட்டிய பணம் வீண். ஆள் உள்ளேயே இருப்பார்.

ஜெயிலில் எடுக்கிற கைரேகை எஃப்.பி.ஐ.க்குப் போய் அங்கிருந்து தானாகவே குடிவரவுத் துறைக்கும் போகிறது. ஐஸ் விரும்பினால் ஐ-247ஏ என்ற படிவத்தில் டிடெய்னர் போடும்: விட வேண்டிய நேரத்துக்கு மேல் 48 மணி நேரம் பிடித்து வையுங்கள், நாங்கள் வந்து எடுத்துக்கொள்கிறோம் என்று. 2017-ல் வந்த டெக்சாஸ் சட்டப்படி கவுண்டி ஜெயில்கள் இதை ஏற்றாக வேண்டும். செல்லுபடியாகும் எச்-1பி அந்தஸ்தில் இருப்பவருக்கு முதல் மிஸ்டிமீனரில் டிடெய்னர் வருவது வழக்கமில்லை. அந்தஸ்து முடிந்து தங்கியிருப்பவர், பழைய நாடுகடத்தல் ஆணை உள்ளவர், எல்லை வழியாக வந்தவர் என்றால் நிலைமை வேறு. 2025 ஜனவரியில் வந்த லேக்கன் ரைலி சட்டப்படி, முறையான அனுமதி இல்லாமல் நுழைந்தவர் மேல் கடைத்திருட்டு போன்ற குற்றச்சாட்டு வந்தாலே குடிவரவுக் காவல் கட்டாயம்.

டிடெய்னர் இருந்தால் கவுண்டி பாண்டை உடனே கட்டாதீர்கள். முதலில் குடிவரவு வக்கீலிடம் பேசுங்கள். காரணம் இது: கவுண்டி பாண்டு கட்டிய உடனே 48 மணி நேரக் கடிகாரம் ஓட ஆரம்பிக்கும். ஐஸ் அவரைக் கொண்டுபோய் கான்ரோவிலுள்ள குடிவரவுக் காவல் மையத்திலோ வேறெங்கோ வைக்கும். மாநில வழக்கின் தேதியில் அவர் கோர்ட்டில் இருக்க மாட்டார். நீதிபதிக்கு விவரம் தெரியாது. வரவில்லை என்று பதிவாகும், பாண்டு பறிமுதல் ஆரம்பிக்கும், புது வாரண்ட் வரும். அந்த வாரண்டைக் காட்டியே குடிவரவு நீதிமன்றத்தில் "இவர் ஓடக்கூடியவர்" என்பார்கள். ஐஸ் கொண்டுபோனால் அன்றைக்கே கிரிமினல் வக்கீல் மாநிலக் கோர்ட்டுக்கு எழுத்தில் தெரிவித்தாக வேண்டும்.

குடிவரவு பாண்டு தனி. குறைந்தபட்சம் 1,500 டாலர், நேரடியாகக் கட்டினால் முழுத்தொகையும் ஐஸிடம் கட்ட வேண்டும், இப்போது ஆன்லைனில் கட்டலாம். வழக்கு முடிந்தபின் ஐ-391 என்ற ரத்து அறிவிப்பு வந்தால் பணம் திரும்பும். ஜெயிலில் யாராவது ஊருக்குத் தானாகவே போகிறேன் என்ற மாதிரிக் காகிதத்தை நீட்டினால் வக்கீல் பார்க்காமல் கையெழுத்துப் போட வேண்டாம்.

இந்தியத் தூதரகத்துக்குத் தெரிவிக்கச் சொல்லும் உரிமை கைதானவருக்கு உண்டு. இந்தியர்களைப் பொறுத்தவரை அவர் கேட்டால்தான் தெரிவிப்பார்கள், தானாகத் தெரிவிப்பதில்லை.

யாழ்வழி

ஒரு கேள்வி. பிணை எடுக்கிறதுக்கு பாண்ட்ஸ்மேனிட்ட போனால் கூடக் கையெழுத்து வைக்க ஒரு ஆள் கேட்கினமாம். அந்தக் கையெழுத்து வைக்கிற ஆளுக்கு என்ன பொறுப்பு வரும்? சிநேகிதன் எண்டு நம்பி வைக்கிறது சரியோ?

செவ்வேள்

முக்கியமான கேள்வி யாழ்வழி. கோசைனர் என்று போடுகிற கையெழுத்து, கைதானவர் ஓடிப்போனால் முழு பாண்டு தொகைக்கும் உங்களைப் பொறுப்பாக்கும். 20,000 டாலர் பாண்டுக்கு 2,000 கட்டி ஆளை எடுத்தீர்கள் என்றால், அவர் வராவிட்டால் பாண்ட்ஸ்மேன் கேட்பது 20,000. தேடிப் பிடித்த செலவு, வக்கீல் செலவு எல்லாம் ஒப்பந்தத்தில் தனியாக எழுதியிருக்கும். கார் டைட்டில், வீட்டுப் பத்திரம் என்று ஈடு வாங்கியிருந்தால் அதற்கும் கை வைப்பார்கள்.

ஒப்பந்தத்தில் இந்த இடங்களைத் தேடிப் படியுங்கள்: வாரா வாரம் போனில் ஆஜராக வேண்டுமா, ஊரை விட்டுப் போக யாரிடம் அனுமதி, தவணை தவறினால் என்ன, எந்தெந்தக் காரணத்துக்கு பாண்டை விட்டு விலகுவார்கள், ஈடு எத்தனை நாளில் எப்படித் திரும்பும். "ஒரு பெர்சன்ட் கட்டினால் போதும், மிச்சம் தவணை" என்ற விளம்பரங்களில் கட்டணம் குறைவதில்லை, தள்ளிப்போகிறது, அவ்வளவுதான். தவணை தவறினால் பாண்ட்ஸ்மேன் கோர்ட்டில் உறுதிமொழிப் பத்திரம் போட்டு பாண்டிலிருந்து விலகக் கேட்பார், வாரண்ட் பிறக்கும். நியாயமான காரணம் இல்லாமல் அப்படிச் செய்திருந்தால் கோர்ட்டில் எதிர்த்து, கட்டிய கட்டணத்தை முழுதாகவோ பாதியாகவோ திரும்பக் கேட்க டெக்சாஸ் தொழில்முறைச் சட்டம் 1704-ம் அத்தியாயத்தில் வழி இருக்கிறது. பலருக்கு இது தெரியாது.

அதே அத்தியாயப்படி பாண்ட்ஸ்மேன் உங்களுக்கு வக்கீலைச் சிபாரிசு செய்யக் கூடாது. "எனக்குத் தெரிஞ்ச லாயர் இருக்கார்" என்று ஆரம்பித்தால் வேறு கடை பாருங்கள்.

சிநேகிதனுக்குக் கையெழுத்து வைப்பது அவரவர் மனசு. ஆனால் அந்த முழுத்தொகையை இழந்தாலும் தாங்க முடியுமா என்று கேட்டுக்கொண்டு வையுங்கள்.

யாழ்வழி

மெத்தப் பெரிய உபகாரம். நான் இருக்கிறது நியூ ஜெர்சி. இஞ்சயும் இதே முறைதானோ?

மீனாட்சி_டாலஸ்

இல்லை, மாநிலத்துக்கு மாநிலம் வேறு. நியூ ஜெர்சியில் 2017 முதல் பணப் பிணை கிட்டத்தட்ட இல்லை. ஆபத்து மதிப்பீட்டைப் பார்த்து, காவலில் வைத்த 48 மணி நேரத்துக்குள் நிபந்தனையோடு விடுவதா என்று கோர்ட் முடிவு செய்கிறது. அரசு தரப்பு உள்ளேயே வைக்கக் கேட்டால் தனி விசாரணை நடக்கும். இலினாயில் 2023 செப்டம்பர் 18 முதல் பணப் பிணையே ஒழிந்தது. கென்டக்கி, ஆரிகன், விஸ்கான்சினில் பாண்ட்ஸ்மேன் தொழிலுக்கே இடமில்லை. கலிபோர்னியாவில் ஒவ்வொரு கவுண்டிக்கும் தொகைப் பட்டியல் இருக்கும். ஆளின் வசதியைப் பார்த்துத்தான் தொகை வைக்க வேண்டும் என்று 2021-ல் மாநில உச்ச நீதிமன்றம் ஹம்ஃப்ரி வழக்கில் சொன்னது. ஃபுளோரிடாவில் 24 மணி நேரத்துக்குள் முதல் ஆஜர். ஹூஸ்டன் அனுபவத்தை வைத்து நியூ ஜெர்சியின் எடிசனில் ஆலோசனை சொல்லாதீர்கள், எடிசனை வைத்து ஹூஸ்டனிலும் சொல்லாதீர்கள்.

பாலாற்றுக்காரன்

அவர் ஜெயிலிலிருந்து போன் பண்ணினார். பாண்டு கட்டினால் எத்தனை மணி நேரத்தில் விடுவார்கள்? வெளியே வந்தபின் என்ன செய்ய வேண்டும்?

செவ்வேள்

அந்த போன் பதிவாகிறது. அரசு வக்கீல் கேட்டு வாங்கிக் கோர்ட்டில் போடுவார். தமிழில் பேசினால் புரியாது என்று நினைக்க வேண்டாம், மொழிபெயர்ப்பாளர் வைப்பார்கள். "சாப்பிட்டியா, மருந்து கொடுத்தாங்களா, வக்கீல் பார்த்துக்கிறார்" என்பதோடு நிறுத்துங்கள். சர்க்கரை, பிரஷர் மாத்திரை உள்ளவர் என்றால் வெளியிலிருந்தும் ஜெயில் மருத்துவப் பிரிவுக்குப் போன் பண்ணி மருந்தின் பெயர், அளவு சொல்லுங்கள்.

பாண்டு ஏற்ற பிறகும் வெளியே வர பல மணி நேரம் ஆகும். ஹாரிஸ் மாதிரிப் பெரிய ஜெயிலில் அரை நாளுக்கு மேலும் ஆகலாம். மறுபடி வாரண்ட் பார்த்து, கைரேகை ஒத்துப் பார்த்து, பொருட்களைத் திருப்பிக் கொடுத்துத்தான் விடுவார்கள். நடு ராத்திரியில் சார்ஜ் இல்லாத போனோடு தெருவில் நிற்பார். யாராவது காரோடு இருங்கள். அவர் கார் டோ செய்யப்பட்டிருந்தால் தினமும் வாடகை ஏறும், மறுநாளே எடுத்துவிடுங்கள்.

வெளியே வந்த அன்றே பாண்டு காகிதத்தை எடுத்து முதல் கோர்ட் தேதி, கோர்ட் எண், நிபந்தனைகள் மூன்றையும் படிக்க வேண்டும். ஊரை விட்டுப் போகத் தடை, மது கூடாது, சிறுநீர்ப் பரிசோதனை, காரில் ஊதினால்தான் ஸ்டார்ட் ஆகும் இன்டர்லாக் கருவி என்று எதுவும் இருக்கலாம். இரண்டாவது குடிபோதை வழக்கு என்றால் இன்டர்லாக் ஏறத்தாழ நிச்சயம், 30 நாளுக்குள் பொருத்த வேண்டும்.

லைசென்ஸ் விஷயம் தனி. ஊதவோ ரத்தம் கொடுக்கவோ மறுத்ததாக, அல்லது அளவு மீறியதாக நோட்டீஸ் கொடுத்திருந்தால் 15 நாளுக்குள் ஏ.எல்.ஆர்., அதாவது லைசென்ஸ் முடக்கம் பற்றிய தனி விசாரணை, கேட்டு எழுத வேண்டும். கேட்காவிட்டால் 40-ம் நாளில் லைசென்ஸ் தானாக முடங்கும்: மறுத்ததற்கு 180 நாள், அளவு மீறியதற்கு 90 நாள். கிரிமினல் கோர்ட் தேதி பிறகு வரும் என்று சும்மா இருந்து இந்த 15 நாளைக் கோட்டைவிடுவது மிக அதிகம்.

எல்லைக்கல்

விசா பக்கம்: குடிபோதையில் கைதானாலே, தண்டனை இல்லாவிட்டாலும், பாஸ்போர்ட்டில் இருக்கும் விசாவை வெளியுறவுத் துறை ரத்து செய்யலாம், ஈமெயில் வரும். அது இங்கே இருக்கும் அந்தஸ்தைத் தானாக முடிக்காது. ஆனால் ஊருக்குப் போனால் புது விசா வாங்கித்தான் திரும்ப முடியும், அங்கே மருத்துவப் பரிசோதனைக்கும் அனுப்புவார்கள். பாண்டு நிபந்தனையே நாட்டை விட்டுப் போகக் கூடாது என்று இருக்கலாம். டிக்கெட் ஏற்கெனவே போட்டிருந்தால் கோர்ட் அனுமதியும் குடிவரவு வக்கீல் பதிலும் கையில் வரும்வரை விமானம் ஏற வேண்டாம்.

குறிஞ்சிமலர்

குடும்ப வன்முறை வழக்கு பற்றி ஒரு பத்தி சேர்க்க வேண்டும், நம் குடும்பங்களில் இதுதான் அதிகம் சிக்கலாகிறது. மேஜிஸ்ட்ரேட் அவசரப் பாதுகாப்பு ஆணை போடுவார், சாதாரணமாக 31 முதல் 61 நாள், ஆயுதம் சம்பந்தப்பட்டிருந்தால் 61 முதல் 91 நாள். கணவர் வெளியே வந்ததும் வீட்டுக்குப் போகக் கூடாது, 200 அடி என்று போட்டிருந்தால் 200 அடிதான். மனைவியே "வீட்டுக்கு வந்துடுங்க" என்று வாட்ஸ்அப் அனுப்பினாலும் போகக் கூடாது. ஆணையை மாற்றும் அதிகாரம் கோர்ட்டுக்கு மட்டும். போனால் புது வழக்கு, பாண்டு ரத்து. வீட்டுப் பெரியவர்கள் சமாதானம் பேசி இரண்டு பேரையும் ஒரே சோபாவில் உட்கார வைப்பது அவரை மறுபடி ஜெயிலுக்கு அனுப்பும் வேலை. பாஸ்போர்ட், லேப்டாப், மாத்திரை எடுக்க வேண்டுமென்றால் போலீஸ் துணையோடு போகக் கேட்கலாம்.

உள்ளே இருக்கும்போது பாதிக்கப்பட்டவர் அதற்கான தகவல் சேவையில் பதிந்துகொண்டால், ஆள் வெளியே வரும்போது போனில் தகவல் வரும். இது அவர்களின் உரிமை. யாரும் தடுக்கக் கூடாது.

கேட்டி_கதிர்

பாண்டு தொகை கட்டவே முடியாத அளவு இருந்தால்?

செவ்வேள்

வக்கீல் குறைக்கக் கேட்டு மனுப் போடுவார். பிரிவு 17.15 சொல்கிறது: தொகை ஆள் வருவதை உறுதி செய்யும் அளவு இருக்கலாம், அடக்குமுறைக் கருவியாகக் கூடாது, கட்டும் வசதியையும் பார்க்க வேண்டும். குடியுரிமை நிலையையும் பார்ப்பார்கள் என்பதால், இங்கே வீடு, குழந்தையின் பள்ளி, வேலை தருபவரின் கடிதம், வரிக் கணக்கு என்று வேரூன்றியிருப்பதைக் காட்டும் காகிதங்கள் தேவை. பாண்ட்ஸ்மேனிடம் போய்ப் பார்த்தோம், இவ்வளவுதான் திரட்ட முடிந்தது என்று குடும்பத்தார் சாட்சி சொல்வதும் உதவும்.

இன்னொன்று பிரிவு 17.151. அரசு தரப்பு விசாரணைக்குத் தயாராக இல்லாவிட்டால், ஃபெலனியில் 90 நாள், கிளாஸ் ஏ-யில் 30 நாள், கிளாஸ் பி-யில் 15 நாள் காவலுக்குப் பிறகு பர்சனல் பாண்டிலோ குறைந்த தொகையிலோ விடக் கேட்கலாம். தானாக நடக்காது. மனுப் போட வேண்டும், நாள் எண்ணிக்கொண்டே இருக்க வேண்டும்.

கோர்ட் தேதி தவறிவிட்டால் ஒளிய வேண்டாம். பாண்டு பறிமுதல் ஆரம்பக் கட்டத்தில்தான் இருக்கும். வக்கீலோடு அன்றைக்கோ மறுநாளோ போய்க் காரணம் சொன்னால் பாண்டை மீட்டுத் தர நீதிபதிகள் தயாராக இருப்பார்கள். ஒரு மாதம் கழித்துப் போலீஸ் பிடித்துக்கொண்டு வந்தால் அந்தத் தயவு இருக்காது. வேண்டுமென்றே வராமல் இருப்பது தனிக் குற்றம்: மூல வழக்கு ஃபெலனி என்றால் அதுவும் ஃபெலனி.

மீனாட்சி_டாலஸ்

ஜெயில் பட்டியல் பொதுவில் இருப்பதால் ஏமாற்றுக்காரர்கள் அதைப் பார்த்தே குடும்பத்துக்குப் போன் பண்ணுகிறார்கள். பெயர், வழக்கு எல்லாம் சரியாகச் சொல்வார்கள். "காலில் கட்டும் மானிட்டருக்கு 900 டாலர் ஸெல் ஆப்பில் அனுப்பினால் இப்பவே விட்டுடுவோம்" என்பார்கள். ஷெரிஃப் அலுவலகம் ஸெல், கிஃப்ட் கார்டு, பிட்காயினில் பணம் கேட்காது. போனை வைத்துவிட்டு ஜெயில் எண்ணை நீங்களே தேடி அழையுங்கள். ஊரில் இருக்கும் அப்பா அம்மாவுக்கும் இதைச் சொல்லி வையுங்கள், வாட்ஸ்அப்பில் அவர்களையும் பிடிக்கிறார்கள்.

பாலாற்றுக்காரன்

இரண்டு வழக்கிலும் பர்சனல் பாண்டு கிடைத்து ஆள் வெளியே வந்துவிட்டார், பாண்ட்ஸ்மேன் தேவைப்படவில்லை. எல்லாருக்கும் நன்றி. கடைசியாக, கேஷ் பாண்டு கட்டியவர்களுக்குப் பணம் எப்படித் திரும்புகிறது என்றும் எழுதிவிட்டால் பின்னால் தேடி வருபவர்களுக்கு உதவும்.

செவ்வேள்

வழக்கு தள்ளுபடி, விடுதலை, தண்டனை எதுவானாலும், கோர்ட்டுக்கு ஒழுங்காக வந்திருந்தால் பணம் திரும்ப வேண்டும். வழக்கு முடியும் நாளிலேயே கேஷ் பாண்டை விடுவிக்கும் உத்தரவில் நீதிபதியின் கையெழுத்து வாங்கச் சொல்லி வக்கீலுக்கு நினைவூட்டுங்கள். ஹாரிஸ் கவுண்டியில் மிஸ்டிமீனர், ஃபெலனி இரண்டுக்கும் டிஸ்ட்ரிக்ட் கிளார்க் அலுவலகம்தான்; அங்கிருந்து செக் வரும். நிர்வாகக் கட்டணம் என்று சிறு தொகை பிடிக்கலாம். செக் ரசீதில் இருக்கும் பெயருக்கு, ரசீதில் இருக்கும் முகவரிக்குப் போகும். வழக்கு நடந்த காலத்தில் அபார்ட்மெண்ட் மாறியிருந்தால் செக் திரும்பிப் போய்விடும். வீடு மாறின வாரமே ரசீது நகலோடு கிளார்க் அலுவலகத்துக்குப் புது முகவரியை எழுத்தில் கொடுத்து, முத்திரை போட்ட பிரதி வாங்கி வையுங்கள்.